இணையத்தில் நம் பிள்ளைகள்

வெளிமாநிலங்களில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் ஒரு விந்தையைக் காணலாம். அங்கே பெற்றோர்க்குப் பிள்ளைகளே மொழிபெயர்ப்பாளர். மின்கட்டணச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது, வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்தி எதைக் கேட்கிறது, வீட்டுக்காரர் இந்தியில் அனுப்பிய செய்தியின் பொருள் யாது என்பனவற்றையெல்லாம் 10 வயதுச் சிறுமி படித்துச் சொல்கிறாள். தாயும் தந்தையும் கேட்டுக்கொள்கிறார்கள். மும்பைத் தாராவியிலும், தில்லிக் கரோல்பாக்கிலும், பெங்களூர் அல்சூரிலும் இக்காட்சியை நான் கண்டிருக்கிறேன். இதில் இழிவு ஒன்றும் இல்லை, பெருமைப்படவும் இடமுண்டு. ஆனால், இணையத்தில் பிள்ளைகளைக் காப்பது எப்படி என்று கற்றோர் கூறும் அறிவுரைகளில் பெரும்பகுதி, பெற்றோர் பிள்ளைகளைவிட அதிகம் அறிந்தவர் என்ற எண்ணத்தின்மேல் எழுந்தவை. 'கண்காணியுங்கள்' என்கிறார்கள். தமக்குத் தெரியாத மொழியில், தாம் திறந்தும் பார்த்திராத செயலியில் நடைபெறும் பேச்சை ஒரு தாய் எவ்வாறு கண்காணிப்பார்?

கைப்பேசிக்குப் பூட்டுப் போடும் முறைகள் உண்டு. அவற்றைப் பின்னர்ச் சொல்வேன். முதலில் ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

மும்பைப் புறநகர் ஒன்றில் இட்லி வியாபாரம் செய்யும் குடும்பம் ஒன்று எனக்கு நெடுநாட் பழக்கம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள். விடியுமுன் இட்லி அவித்து, பொழுது புலர்கையில் தலைச்சுமையாகவும் மிதிவண்டியிலும் கொண்டுசென்று விற்பது அவர்கள் தொழில். மகனுக்கு அப்போது 15 வயது. விற்ற பணத்தில் பெரும்பகுதி தந்தையின் கைப்பேசி வழியாகவே வந்து சேரும். அதன் இரகசிய எண் மகனுக்கும் தெரியும். தெரியாமல் எப்படி? அவன்தானே கணக்குப்பிள்ளை!

அவன் விளையாடும் கைப்பேசி ஆட்டம் ஒன்றில், தன் வயதுப் பெண் என்று கூறிக்கொண்ட ஒருவர் அறிமுகமானார். நாலைந்து நாள் இந்தியில் பேச்சு. பிறகு, 'வேறொரு செயலிக்கு வா' என்று அழைப்பு. அங்கே ஒரு படம் வந்தது. பதிலுக்கு அவனுடைய படம் கேட்கப்பட்டது. அனுப்பக்கூடாத படத்தை அவன் அனுப்பிவிட்டான். அடுத்த 10 நிமிடத்தில் அந்தப் 'பெண்' மறைந்து போனாள். பள்ளித் தோழர், அத்தை, சித்தப்பா என அவனுக்கு வேண்டியவர்களின் பெயர்ப்பட்டியல் திரையில் தோன்றிற்று. 5,000 ரூபாய் வராவிடில் படம் இவர்கள் அனைவருக்கும் போகும் என்ற மிரட்டலும் உடன் வந்தது. அவன் 500-உம் 1,000-உமாக அனுப்பத் தொடங்கினான். அனுப்ப அனுப்பக் கேட்பு வளர்ந்தது. 11 நாள் இது நடந்தது. அவன் ஒருவரிடமும் சொல்லவில்லை.

அரிசிக் கடைக்குக் கொடுக்கப் பணம் குறைந்தபோதுதான் தந்தைக்குச் சந்தேகம் வந்தது. கேட்டார், அதட்டினார், கையும் ஓங்கினார். பையன் வாய் திறக்கவில்லை. அன்றிரவு தாயார் அவன் அருகில் அமர்ந்து, "என்ன நடந்திருந்தாலும் சரி ராசா, ஒன்ன ஊருக்கு அனுப்ப மாட்டோம், படிப்ப நிறுத்த மாட்டோம்" என்றார். அதன் பின்னரே அவன் அழுதுகொண்டு எல்லாவற்றையும் சொன்னான்.

அந்தத் தாயாருக்கு அவ்வார்த்தை எங்கிருந்து தோன்றிற்று? முந்தின ஆண்டு அதே சந்தில், ஒன்பதாம் வகுப்பில் படித்துவந்த சிறுமி ஒருத்தியின் கைப்பேசியில் எவனோ ஒருவன் அனுப்பிய செய்திகள் பெற்றோர் கண்ணிற் பட்டன. அவள் பதில்கூட எழுதியிருக்கவில்லை. ஒரு வாரத்திற்குள் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டுப் பாட்டியின் ஊருக்கு அனுப்பப்பட்டாள். செய்தி அனுப்பியவனுக்கு ஒன்றும் நேரவில்லை. அச்சந்திலுள்ள பிள்ளைகள் அனைவரும் இதனைப் பார்த்துக்கொண்டிருந்தனர். எது நேர்ந்தாலும் வீட்டில் சொல்லக்கூடாது என்று கற்றுக்கொண்டனர்.

மிரட்டுபவனுக்கு மூலதனம் பிள்ளைகள் கற்றுக்கொண்ட இந்தப் பாடமே. அவனிடம் உள்ள படத்தைவிட, பிள்ளையின் நெஞ்சில் உள்ள இவ்வச்சமே அவனுக்குப் பணம் தருகிறது.

இவ்வகைக் குற்றம் உலகின் பல பகுதிகளிலும் ஒரு தொழிலாகவே நடைபெற்று வருகிறது. பலர் கூடி, எழுதிவைத்த நாடகத்தைப் போல நடத்துகிறார்கள். பொதுவிடத்தில் அறிமுகம், பிறகு தனியிடத்திற்கு அழைப்பு, முதலில் தாமே ஒரு படம் அனுப்பி நம்பிக்கை ஊட்டுதல், பின்பு திடீரெனத் தாக்குதல். தாக்கும்போது பிள்ளைக்கு யோசிக்க நேரம் கொடுப்பதில்லை. 'இன்னும் 5 நிமிடம்' என்பது வழக்கமான சொல். பெண் பிள்ளைகளுக்கே இவ்வாபத்து என்று நம்மிற் பலர் எண்ணுகிறோம். பணங்கேட்டு மிரட்டும் வகையில் அகப்படுவோர் பெரும்பாலும் 14 முதல் 17 வயது வரையுள்ள ஆண்பிள்ளைகளே என்று அமெரிக்கப் புலனாய்வு நிறுவனமான எப்.பி.ஐ. எச்சரித்திருக்கிறது. பெண்பிள்ளைகளிடம் பணத்திற்கு மாறாக மேலும் மேலும் படங்களைக் கேட்டு வருத்தும் கொடியோரும் உளர்.

படமே அனுப்பாத பிள்ளைக்கு ஆபத்தில்லை என்று சொல்வதற்கும் இப்போது வழியில்லை. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்தபின், நவராத்திரிக் கொலுவின் முன் எடுத்த சாதாரணப் படம் ஒன்றிலிருந்தே பொய்யான ஆபாசப் படத்தை உருவாக்கிவிட முடிகிறது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட போக்சோ சட்டம் இதற்கும் இடம் விட்டு வைத்திருக்கிறது. குழந்தையின் படத்தைக் காட்டிப் பாலியல் நோக்கத்தோடு மிரட்டுவது, அப்படம் உண்மையானதாயினும் புனையப்பட்டதாயினும், அச்சட்டத்தின்படி குற்றமே. 'அது பொய்ப் படம், என் பிள்ளையின் படமன்று' என்று பெற்றோர் மெய்ப்பிக்க வேண்டிய சுமையில்லை.

இத்தகைய இடர் வீட்டில் நேர்ந்தால் முதற்கண் செய்யவேண்டியது யாது? பணம் அனுப்புவதை உடனே நிறுத்த வேண்டும். கொடுத்தால் விட்டுவிடுவான் என்று எண்ணுவது வீண். கொடுப்பவன் என்று தெரிந்தவுடன் கேட்பு மிகுகிறது. அவனோடு வாதாடவும் வேண்டா, கெஞ்சவும் வேண்டா. உரையாடல்களை அழித்துவிட மனம் துடிக்கும், அழிக்கக்கூடாது. அவன் பயன்படுத்திய பெயர், கணக்கின் முகவரி, தொலைபேசி எண், பணம் சென்ற யு.பி.ஐ. முகவரி, ஒவ்வோர் அனுப்புகைக்கும் உரிய 12 இலக்கக் குறிப்பெண் ஆகியவற்றைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அதன்பின் அவனைத் தடைசெய்துவிடலாம்.

பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணைத் தாமதமின்றி அழைக்க வேண்டும். இணையவழிப் பணமோசடிகளுக்காக நாடு முழுவதற்கும் ஏற்பட்ட எண் இது. பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றிற்குத் தாவித் தாவிப் போய்விடுமுன் இடையிலுள்ள வங்கியில் அதனை நிறுத்தி வைப்பதே இதன் வேலை. ஆகவே, ஒவ்வொரு மணிநேரமும் கணக்கில் வரும். குழந்தைகளுக்கு நேரும் எவ்வகை இன்னலுக்கும் 1098 என்ற எண் இருக்கிறது. அதனைப் பிள்ளைகளே அழைக்கலாம். எழுத்தில் முறையிட விரும்புவோர்க்குச் சைபர்கிரைம் டாட் ஜி.ஓ.வி. டாட் இன் என்ற அரசு இணையதளம் உண்டு. குழந்தைகளின் ஆபாசப் படங்களைப் பற்றியதாயின், அங்கே தம் பெயரைக் கூறாமலும் அறிவிக்கலாம்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. பிள்ளைக்கு நேர்ந்ததை மாமாவிடமும் சங்கத்துப் பெரியவரிடமும் கலந்து பேசலாம். ஆனால் அந்தப் படத்தை அவர்களுக்கு அனுப்பிக் காட்டக்கூடாது. நல்லெண்ணத்தால் செய்தாலும், குழந்தையின் ஆபாசப் படத்தை மின்னணு வழியே பரப்புதல் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67 பி பிரிவில் வருவது. முதல் முறைக்கே 5 ஆண்டு வரை சிறையும் 10 இலட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க அது இடந்தருகிறது. கைப்பேசியை அப்படியே காவல்துறையினரிடம் காட்டுவதே முறை. கல்லூரியில் பயிலும் நம் இளைஞர்கள் இதனை இன்னும் கூர்ந்து அறியவேண்டும். நண்பர் குழுவில் எவனோ போட்ட அத்தகைய படத்தை, 'நான் யாருக்கும் அனுப்பவில்லையே' என்று சொல்லி வைத்துக்கொண்டிருப்போர் உளர். சென்னை உயர்நீதிமன்றம் 2024 ஜனவரியில் அத்தகைய வழக்கு ஒன்றைத் தள்ளுபடி செய்தது உண்மையே. அதே ஆண்டு செப்டம்பர் 23-ஆம் நாள் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றிவிட்டது. அறிவிக்காமலும் அழிக்காமலும் வைத்திருத்தல் குற்றமாகக்கூடும் என்பது இப்போதைய நிலை.

இனி, காவல்நிலையம் செல்வதைப் பற்றி. வேற்று மொழி வழங்கும் ஊரில் நம்மவர்க்குக் காவல்நிலையத்தின் படியேறுவதே ஒரு பெரும் மலைப்பு. அந்த இட்லிக் கடைக்காரரோடு நானும் துணைக்குச் சென்றேன். 'மிரட்டியவன் வேறு மாநிலத்தில் இருக்கிறான் போலும். நாங்கள் என்ன செய்வது?' என்பதே எங்களுக்கு முதலிற் கிடைத்த விடை. அவ்விடை சட்டத்திற்குப் பொருந்தாதது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்னும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருப்பினும் எந்தக் காவல்நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். பதிவு செய்து உரிய இடத்திற்கு அனுப்புதல் அவர்கள் கடன். இதனைப் பணிவோடு எடுத்துரைத்தபின் புகாரை வாங்கிக்கொண்டார்கள்.

மொழியைப் பற்றியும் சட்டம் வாய்திறந்து சொல்லியிருக்கிறது. இதனை நம்மவர் பலர் அறியார். போக்சோ சட்டத்தின்படி, குழந்தை கூறும் தகவலை அக்குழந்தைக்கு விளங்கும் எளிய மொழியில் எழுத வேண்டும். எழுதப்படும் மொழி குழந்தைக்கு விளங்காவிடின் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை ஏற்படுத்தித் தரவேண்டும். வாக்குமூலத்தைக் குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ பெற வேண்டும். வாங்க வரும் அதிகாரி சீருடையில் இருத்தல் கூடாது. பெற்றோரோ குழந்தை நம்பும் வேறொருவரோ உடனிருக்கலாம். குழந்தையின் பெயர், படம், பள்ளி, குடியிருக்கும் பகுதி ஆகியவற்றைச் செய்தித்தாள் முதலியன வெளியிடுவதும் தண்டனைக்குரியது. மானம் போய்விடுமே என்று அஞ்சும் பெற்றோர் இதனை நினைவிற் கொள்ளவேண்டும். குற்றத்தை அறிந்தும் அறிவியாமல் இருப்பது பெரியவர்களுக்குத் தண்டனை தரும் பிழை. குழந்தைக்கு அந்தச் சுமையைச் சட்டம் வைக்கவில்லை.

வழக்கு ஒருபுறம் நடக்க, படம் பரவாமல் தடுக்க வேறொரு வழியும் உண்டு. காணாமற்போன குழந்தைகளுக்காகவும் சுரண்டப்படும் குழந்தைகளுக்காகவும் அமெரிக்காவில் இயங்கும் தேசிய மையம் 2023 பிப்ரவரியில் 'டேக் இட் டவுன்' என்ற இலவச வசதியைத் தொடங்கிற்று. 18 வயதிற்குள் எடுக்கப்பட்ட படத்திற்கு உரியது அது. அதில் படத்தை எவருக்கும் அனுப்ப வேண்டுவதில்லை. மனிதர்க்குக் கைரேகை இருப்பதுபோல, ஒவ்வொரு படத்திலிருந்தும் கணித முறையில் எண்ணும் எழுத்துமான ஓர் அடையாளத்தைப் பெறலாம். அவ்வடையாளத்திலிருந்து படத்தை மீண்டும் வரவழைக்க இயலாது. அந்தக் கணக்கு நம் கைப்பேசியிலேயே நிகழ்கிறது. அடையாளம் மட்டும் அம்மையத்திற்குச் செல்கிறது. அதில் சேர்ந்துள்ள பேஸ்புக், இன்ஸ்டாகிராம் முதலிய நிறுவனங்கள் அதே அடையாளமுள்ள படம் தங்கள் தளத்தில் ஏறினால் கண்டு நீக்குகின்றன. மறையாக்கம் செய்யப்பட்ட தனிச் செய்திகளுக்குள் இது செல்லாது என்பது உண்மை. ஆயினும், 'எங்கும் பரவிவிட்டது, இனி வழியில்லை' என்று கலங்கும் பிள்ளைக்கு இது ஒரு பிடிமானம். 18 கடந்தோர்க்கு 'ஸ்டாப் என்.சி.ஐ.ஐ.' என்ற பெயரில் இதுபோன்றதொரு வசதி 2021 முதல் இருக்கிறது.

பூட்டுகளுக்கு வருவோம். கூகிளின் 'பேமிலி லிங்க்', ஆப்பிளின் 'ஸ்கிரீன் டைம்' முதலியவை நேரத்தை அளக்கவும், சில செயலிகளை மறைக்கவும் உதவும். சிறு பிள்ளைகளுக்கு அவை போதுமானவை. 15 வயதுப் பையன் அவற்றை ஒரு பிற்பகலில் அவிழ்த்துவிடுவான். இதைவிடப் பெரிய பூட்டு ஒன்றை நாமே உடைத்துவிடுகிறோம். இன்ஸ்டாகிராம் போன்ற தளங்களில் கணக்குத் தொடங்கக் குறைந்தது 13 வயதாக வேண்டும். 11 வயதுக் குழந்தை கேட்கிறது. நாம் பிறந்த ஆண்டைத் தள்ளிப்போட்டு எழுதிக் கொடுத்துவிடுகிறோம். இளவயதினர்க்கென்று அத்தளங்கள் வைத்துள்ள காப்புகள், அதாவது அந்நியர் செய்தி அனுப்ப முடியாமை, கணக்கு பிறர்க்குத் தெரியாதிருத்தல் முதலியன, நாம் எழுதிய வயதைப் பார்த்தே பெரிதும் இயங்குகின்றன. 20 வயது என்று எழுதினால், 11 வயதுக் குழந்தைக்கு 20 வயதுக்காரரின் வாசல் திறந்துவிடுகிறது. இன்றிரவே அந்தப் பிறந்தநாளைப் பார்த்துத் திருத்தினால் போதும். இதற்குப் பெரிய கல்வி வேண்டியதில்லை.

பிள்ளைகளின் படங்களை நாமே வாரி இறைப்பதையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. ஊரில் இருக்கும் பாட்டி பேத்தியைக் காண ஏங்குகிறார். படம் அனுப்புவது இயல்பே. பாட்டிக்கு அனுப்புவது வேறு, ஊர்க்காரர் 300 பேர் கூடியுள்ள வாட்ஸ்அப் குழுவில் போடுவது வேறு. பள்ளியின் முத்திரை பொறித்த சீருடையும், பின்னாலே தெருப்பெயர்ப் பலகையும், கீழே 'எட்டாம் வகுப்பில் முதலிடம்' என்ற பெருமிதமும் ஒரே படத்தில் அமைந்துவிட்டால், பள்ளி வாயிலில் நின்று பெயர் சொல்லி அழைக்க ஓர் அந்நியனுக்கு வேறென்ன வேண்டும்?

ஆட்டங்களில் 'இலவச வைரம் தருகிறோம்' என்று கூறி ஓ.டி.பி. எண்ணைக் கேட்போரைப் பற்றி நீள விரிக்க வேண்டுவதில்லை. பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. இரகசிய எண்ணை எங்கும் இடவேண்டியதில்லை. இடச் சொன்னால் பணம் நம்மிடமிருந்து போகப்போகிறது என்பது பொருள். இவ்வொன்றைப் பிள்ளைக்குச் சொல்லி வைத்தால் போதும். மேற்படிப்புக்கும் வேலைக்கும் வந்து தனி அறையில் தங்கியிருக்கும் இளைஞர்களிடம், 'உன் வங்கிக் கணக்கைச் சிலநாள் எங்களுக்குக் கொடு, கமிஷன் தருகிறோம்' என்று வருவோர் உண்டு. மோசடிப் பணம் அக்கணக்கின் வழியே ஓடும். கணக்கு முடக்கப்படும்போது காவல்துறை தேடி வருவது பெயருக்குரியவனையே.

இவையெல்லாம் தெரிந்த பெற்றோர்க்கும், தெரியாத பெற்றோர்க்கும் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. இடர் வருமுன்னரே பிள்ளையிடம் அமர்ந்து, எதைச் செய்யமாட்டோம் என்பதைப் பெயர் சொல்லிக் கூற வேண்டும். 'எதுவானாலும் சொல்' என்ற பொதுச்சொல் பிள்ளையின் காதில் நிற்பதில்லை. 'அடிக்க மாட்டேன், படிப்பை நிறுத்த மாட்டேன், ஊருக்கு அனுப்ப மாட்டேன், சித்தப்பாவிடம் சொல்ல மாட்டேன்' என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். பிள்ளை எதற்கு அஞ்சுகிறது என்பது பெற்றோர்க்கு நன்றாகவே தெரியும். சொன்னபின் அதன்படி நிற்கவும் வேண்டும். நிற்க இயலாதவர் சொல்லாமலிருப்பதே மேல். செயலிகளைப் பற்றித் தெரியவில்லையே என்று கூச வேண்டா. மின்கட்டணச் சீட்டைப் படித்துச் சொன்ன பிள்ளையிடமே, 'நீ ஆடும் ஆட்டத்தில் யார் யார் பேசுவார்கள், காட்டு பார்ப்போம்' என்று கேட்கலாம். கற்றுக்கொடுப்பதில் பிள்ளைகளுக்குள்ள மகிழ்ச்சி பெரிது. அம்மகிழ்ச்சியில் பல செய்திகள் தாமே வெளிவரும்.

அந்தக் குடும்பம் மறுநாட் காலையிலேயே 1930-க்குப் பேசியது. பேசியவன் பையனே, இந்தி அவனுக்குத்தானே தெரியும்! கடைசியாக அனுப்பிய 1,000 ரூபாய் மட்டும் வங்கியில் நிறுத்தப்பட்டது. முன்னே போனவை போனவையே. மிரட்டல் ஒரு வாரம் தொடர்ந்து, விடையின்றி ஓய்ந்தது. படம் எவருக்கும் வந்ததாகத் தெரியவில்லை. பையன் இப்போது பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கிறான். கடைக் கணக்கு இன்னும் அவன் கையிலேயே இருக்கிறது. தந்தை இரகசிய எண்ணை மாற்றினார். மாற்றிய எண்ணையும் அவனிடமே சொல்லிவிட்டார்.

பாட்டியின் ஊருக்கு அனுப்பப்பட்ட சிறுமி மட்டும் இன்னும் திரும்பவில்லை. ஒன்பதாம் வகுப்பின் புத்தகங்களை அவள் தாய் அட்டைப்பெட்டி ஒன்றில் கட்டிப் பரண்மேல் வைத்திருக்கிறார்.